லிச்செஸ் ஸ்டடி: போட்டியில் ஆடிய ஆட்டங்களை அலச ஏற்றதா?

செஸ் போட்டி முடிந்து, நகர்வுகளை எழுதிய ஸ்கோர்ஷீட்டோடு வீடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். ஆட்டத்தை ஏதாவது ஒரு தளத்தில் ஏற்றி, இன்ஜினை, அதாவது நகர்வுகளை எடைபோடும் செஸ் நிரலை, ஓடவிட்டு, சிவப்பு விழுந்த இடங்களைப் பார்த்து 'அடடா' என்று சொல்லிவிட்டு மூடிவிடுவது. ஐந்து நிமிட வேலை. அடுத்த போட்டியில் அதே தப்பு வேறு வேஷத்தில் வந்து நிற்கும். லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் ஆட்டங்களை ஏற்றிக் குறிப்பெழுத இருக்கும் ஸ்டடி வசதி இந்தப் பழக்கத்தை உடைக்கவும் உதவும், இன்னும் சொகுசாக்கவும் உதவும். எந்தப் பொத்தானை முதலில் அமுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

தளத்தைப் பற்றி இரண்டு வரி போதும். பிரான்ஸைச் சேர்ந்த நிரலாளர் திபோ டுப்ளெஸி 2010இல் தொடங்கியது. திறந்த மூலம், விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. பணம் கட்டினால்தான் திறக்கும் என்று ஒரு வசதிகூட இல்லை. இலவசம் என்பதால் அரைகுறை என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஓடுவது உலகின் மிக வலுவான இன்ஜின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ்தான்.

முதல் வேலை ஆட்டத்தை ஏற்றுவது. புது ஸ்டடி ஒன்றைத் தொடங்கி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு சாப்டர் என்று போடுவது நல்லது. ஒரு ஸ்டடியில் 64 சாப்டர் வரை இடமுண்டு என்பதால் ஒரு போட்டிக்கு ஒரு ஸ்டடி தாராளம். தொடங்கும்போதே அது யார் கண்ணுக்குத் தெரியும் என்பதைப் பார்த்து, பிரைவேட் என்று மாற்றிவிடுங்கள். பொதுவில் விட்டால் உங்கள் ஓப்பனிங்கில் (தொடக்க நகர்வுகளில்) எங்கே ஓட்டை என்று நீங்களே எழுதி வைத்த குறிப்பை அடுத்த எதிராளி தேடிப் படித்துவிட்டு வருவார்.

ஸ்கோர்ஷீட்டைப் பார்த்துக் காய்களை நகர்த்தும்போது வழக்கமாகச் சறுக்குவது குதிரையில். பி1இல் ஒன்று, எஃப்3இல் ஒன்று. தாளில் 'குதிரை டி2' என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். எந்தக் குதிரையை நகர்த்தினாலும் பலகை ஏற்றுக்கொள்ளும். பத்து நகர்வு தள்ளித்தான் 'இந்தக் காய் இங்கே இல்லையே' என்று இடிக்கும். யானைகளிலும் இதே கதை. லிச்செஸின் முதல் குறை இங்கேதான்: நடுவில் ஒரு நகர்வை மட்டும் மாற்றி, மீதியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. திரும்பிப் போய்ச் சரியான குதிரையை நகர்த்தினால் அது கிளை வரியாகத்தான் விழும். அந்த நகர்வின் மேல் வலது கிளிக் செய்து அதை மெயின்லைன் (முதன்மை வரி) ஆக்கி, பழைய வரியை அழித்துவிட்டு, மீதியைப் புதிதாக ஆடிக் காட்ட வேண்டும். தப்பு முன்பகுதியில் இருந்தால், நகர்வுகள் எழுத்தாக இருக்கும் பிஜிஎன் கோப்பை இறக்கி ஒரு எழுத்துத் திருத்தியில் அந்த ஒரு நகர்வை மட்டும் திருத்தி மறுபடி ஏற்றுவது சீக்கிரம் முடியும்.

கடைசி நகர்வுகள் தாளில் இல்லாமல் போவதும் சகஜம். ஒரு நகர்வுக்கு 30 விநாடியோ அதற்கு மேலோ கூடுதல் நேரம் உள்ள போட்டியில் கடைசிவரை எழுதியாக வேண்டும். அது இல்லாத போட்டியில் மீதி நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதாமல் விட உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட ஆட்டத்தை அன்றிரவே ஏற்றிவிட வேண்டும். ஒரு வாரம் போனால் எழுதாமல் விட்ட அந்த நகர்வுகளை யாராலும் மீட்க முடியாது.

ஸ்டடியின் உண்மையான மதிப்பு அதன் அமைப்புப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அனாலிசிஸை யார் பார்க்கலாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் 'யாரும் வேண்டாம்' என்று வைத்துவிட்டால் உங்களுக்கே இன்ஜின் திறக்காது. மற்றவர்கள் அதே நிலையில் என்ன ஆடினார்கள் என்று காட்டும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரருக்கும் இதேபோல் தனிப் பூட்டு உண்டு. மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்காகச் செய்த வசதியாகத்தான் தோன்றுகிறது. சொந்த ஆட்டத்தை அலசுகிறவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இன்ஜின் ஒரு கிளிக் தூரத்தில் இருந்தால் பாதிப் பேர் மூன்றாவது நிமிடத்தில் தட்டிவிடுவார்கள். அமைப்புப் பக்கம்வரை போய் மாற்ற வேண்டும் என்றால் அந்தக் கை கொஞ்சம் தயங்கும்.

பூட்டிய பிறகு ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டி, யோசித்த இடங்களில் மட்டும் கமெண்ட் எழுத வேண்டும். எழுத வேண்டியவை மூன்று: அப்போது கடிகாரத்தில் மீதி எவ்வளவு, எந்தெந்த நகர்வுகளை யோசித்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள். உதாரணமாக இப்படி: '42 நிமிடம் மீதி. எஃப்4 பார்த்தேன், ராஜா பக்கம் திறந்துவிடும் என்று விட்டேன். அவருடைய குதிரை ஈ4க்கு வருவதைப் பார்க்கவே இல்லை.' 'இங்கே தப்பு செய்தேன்' என்று எழுதுவதில் பயனில்லை. அதை இன்ஜினே சொல்லும். யோசித்தும் தவறாக முடிவெடுத்தீர்களா, அந்த நகர்வு கண்ணிலேயே படவில்லையா என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. முதலாவது கணிப்புக் கோளாறு, இரண்டாவது பார்வைக் கோளாறு. இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு. அன்றோ மறுநாளோ எழுதாவிட்டால், நினைவு தனக்குச் சாதகமான காரணத்தைத் தானாகவே தயாரித்துக்கொள்ளும்.

கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம் ஒன்றுக்கு இந்தக் கட்டம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதிகம்தான். நேரம் இல்லையென்றால் எல்லா ஆட்டத்தையும் மேய்வதைவிடத் தோற்ற ஆட்டம் ஒன்றையும், ஜெயித்திருக்க வேண்டிய டிரா ஒன்றையும் முழுதாகப் பார்ப்பது மேல்.

இப்போது பூட்டைத் திறக்கலாம். ஒரு எச்சரிக்கை: ரிக்வெஸ்ட் கம்ப்யூட்டர் அனாலிசிஸ் பொத்தானை அமுக்கினால், இன்ஜினின் கிளை வரிகளும் குறிப்புகளும் உங்கள் கமெண்டுகளோடு கலந்து உட்கார்ந்துவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. மொத்தமாகத் துடைத்தால் உங்கள் எழுத்தும் சேர்ந்து போகும். முன்கூட்டியே பிஜிஎன்னை இறக்கி அதே ஆட்டத்தை இரண்டாவது சாப்டராக ஏற்றி, இயந்திர அலசலை அதில் மட்டும் கேளுங்கள்.

உலாவியில் ஓடும் லோக்கல் இன்ஜினை எல் விசையில் இயக்கலாம். அது காட்டும் வரிகளின் (நகர்வுத் தொடர்களின்) எண்ணிக்கையை 3 ஆக வையுங்கள். ஒரே வரி காட்டினால் 'இதுதான் விடை' என்ற மயக்கம் வரும். மூன்று வரிக்கும் இன்ஜின் தரும் மதிப்பெண்களுக்கு இடையே 0.2, 0.3தான் வித்தியாசம் என்றால் அந்த இடத்தில் நீங்கள் எதை ஆடியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை, அடுத்த நகர்வுக்குப் போகலாம். முதல் வரி +1.8 (பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம்), இரண்டாவது 0.0 என்றால் அங்கே நிறுத்துங்கள்.

அதிகம் பேசப்படாத விசை எக்ஸ். நீங்கள் ஒரு நகர்வைச் சும்மா விட்டால் எதிராளி என்ன செய்வார் என்பதைச் சிவப்பு அம்பாகக் காட்டும். கறுப்பில் ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். ராஜா ஜி8இல், யானை எஃப்8இல், எஃப்7, ஜி7, எச்7இல் சிப்பாய்கள். எஃப்6இல் காவலுக்குக் குதிரை இல்லை. வெள்ளை ராணி டி3இல், குதிரை எஃப்3இல். இன்ஜின் 'எச்6' என்கிறது. எதற்கு இந்த சோம்பேறி நகர்வு? எக்ஸை அமுக்கினால் குதிரை ஜி5க்குத் தாவும் அம்பு வரும். அடுத்து ராணி எச்7இல் வெட்டினால் மேட். எஃப்8ஐச் சொந்த யானையே அடைத்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் விடையைத்தான் சொல்லும், கேள்வியைச் சொல்லாது. எக்ஸ் விசை அந்தக் கேள்வியைக் காட்டுகிறது.

எண்களைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். 2022இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1.00 என்றால் இன்ஜினும் இன்ஜினும் ஆடும்போது வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்ற அளவில் எண்ணைச் சீரமைத்திருக்கிறார்கள். இன்ஜினுக்கே பாதிக்குப் பாதிதான். மனிதர்கள் ஆடும்போது +1ஐ 'ஜெயித்த நிலை' என்று நினைத்து நொந்துகொள்ளத் தேவையில்லை. தப்பு நகர்வுகளுக்கு லிச்செஸ் போடும் பிளண்டர் (பெருந்தவறு), மிஸ்டேக் (தவறு) குறிகளும் வெறும் எண் வித்தியாசத்தில் விழுவதில்லை. வெற்றி வாய்ப்பு எவ்வளவு சரிந்தது என்பதே கணக்கு. சமநிலையிலிருந்து ஒன்றரைச் சிப்பாய் அளவு (1.5) சரிந்தால் குறி விழும். +10இலிருந்து +8க்கு இறங்கினால் பெரும்பாலும் சத்தமே வராது. ஆகவே ஜெயிக்கிற ஆட்டத்தில் கவனம் சிதறிய இடங்களைக் குறிகளை நம்பித் தேடக்கூடாது. ஆட்டம் எவ்வளவு துல்லியம் என்று தளம் காட்டும் அக்யூரசி சதவீதத்தை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். சீக்கிரம் காய்களை மாற்றிக்கொண்டு இருபது நகர்வில் டிரா செய்தால் அது உச்சத்தில் நிற்கும்.

லேர்ன் ஃப்ரம் யுவர் மிஸ்டேக்ஸ் பலருக்கும் பிடித்த பொத்தான். தப்பு செய்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, நல்ல நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும். நல்ல வசதிதான், ஆனால் இங்கே ஏதோ இருக்கிறது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. போட்டிப் பலகையில் யாரும் தோளைத் தட்டி 'இங்கே கவனி' என்று சொல்ல மாட்டார்கள். இதைவிடப் பயனுள்ள வழி: முக்கியமான நிலைகளைத் தனி ஸ்டடியில் சாப்டராக்கி, அனாலிசிஸ் மோடில் 'ஹைட் நெக்ஸ்ட் மூவ்ஸ்' வைத்து, நடுவில் ஒன்றும் நடக்காத சாதாரண நிலைகளையும் கலந்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்துத் திறந்தால், எது ஆபத்தான நிலை என்று கண்டுபிடிப்பதே பயிற்சியாகிவிடும்.

காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேமில் லிச்செஸ் மிகவும் வலுவானது. ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் 7 காயோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், எக்ஸ்ப்ளோரர் சிஸிஜி டேபிள்பேஸுக்கு (எல்லா நிலைகளின் முடிவையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தரவு) மாறி வெற்றியா டிராவா என்று அறுதியிட்டுச் சொல்லிவிடும். ஒரு சோதனை: வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7, ஆட வேண்டியது வெள்ளை. டேபிள்பேஸ் டிரா என்கிறது. சிப்பாயை மட்டும் ஈ3க்கு இறக்கிப் பாருங்கள், வெற்றி! ஈ4 என்ற ஒற்றை உபரி நகர்வு கையில் இருக்கிறது, அதை ஆடியதும் நகர வேண்டிய முறை கறுப்புக்குப் போய்விடுகிறது, ராஜா வழிவிட்டே ஆக வேண்டும். சிப்பாயை அவசரப்பட்டுத் தள்ளி டிரா ஆன ஆட்டத்தில், இப்படிக் காயை ஒரு கட்டம் முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால்தான் காரணம் புரியும். டேபிள்பேஸ் தானாக விளக்கம் தராது.

ஓப்பனிங்கில் மாஸ்டர்ஸ் தரவு போதும். 2200க்கு மேல் ரேட்டிங் உள்ளவர்களின் நேரடிப் போட்டி ஆட்டங்கள். எந்த நகர்வில் அவர்களிடமிருந்து விலகினீர்கள் என்று பார்த்து, அங்கே ஒரு கமெண்ட் போட்டால் வேலை முடிந்தது. பிளேயர் என்ற பகுதி லிச்செஸில் ஆடியவற்றை மட்டுமே எண்ணும். ஏற்றி வைத்த போட்டி ஆட்டங்கள் அதில் சேராது.

பெரிய குறை ஒன்று மிச்சம். சாப்டர்கள் நூறைத் தாண்டினால், 'இந்தச் சிப்பாய் அமைப்பு வந்த என் ஆட்டங்கள் எவை' என்று நிலையை வைத்துத் தேட வழியில்லை. சாப்டர் பெயரில் ஓப்பனிங், நிறம், தப்பின் வகை மூன்றையும் எழுதி ஒப்பேற்றலாம். அந்தத் தேடல் உண்மையிலேயே தேவைப்படும் அளவுக்கு ஆட்டங்கள் சேர்ந்தவர்கள் காசு கொடுத்து செஸ்பேஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஸ்டடியை பிஜிஎன்னாக இறக்கினால் கமெண்டும் கிளைகளும் அப்படியே கூட வரும் என்பதால், அங்கே மாறும்போது ஒன்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.