சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ரிஜிட் ஹெடில் தறி: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிவது

தறி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு அகலம் நெய்யலாம் என்பதைத்தான். குடும்பம் நடக்கிற வீட்டில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நெய்யாத நாட்களில் தறி எங்கே இருக்கும், பாதியில் விட்ட பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைகள், என்ன ஆகும்? பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பெரியவருக்கு மருத்துவமனை, தீபாவளிப் பலகார வேலை என்று ஏதாவது ஒன்று வந்து தறியை வாரக்கணக்கில் மூலையில் உட்காரவைத்துவிடும். கீழே சொல்லும் நிறைகுறை எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

தமிழ்நாட்டில் காலால் மிதித்து நெய்யும் குழித்தறி பார்த்தவர்களுக்கு ரிஜிட் ஹெடில் தறி விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். மிதி கிடையாது. இழையை ஏற்றி இறக்கும் விழுதும் நெருக்கித் தட்டும் அச்சும் ஒரே சட்டம். அதில் ஒரு பிளவு, ஒரு துளை என்று மாறி மாறி இருக்கும். துளையில் கோத்த இழை சட்டத்தோடு ஏறி இறங்கும், பிளவில் கோத்த இழை நின்ற இடத்தில் நிற்கும். குறுக்கே விடும் ஊடை நூலைத் தட்டுவதும் அதே சட்டத்தால் என்பதால் சத்தம் மிகக் குறைவு. இரவு பத்தரைக்கு மேல் நெய்தாலும் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

ஆஷ்ஃபோர்டு நிறுவனத்தின் ரிஜிட் ஹெடில் தறியில் 40, 60, 80 செ.மீ. அகலங்கள் கிடைக்கின்றன. கைத்துண்டு, மேசைவிரிப்புக்கு 60 போதும். 80-ஐ மடியில் சாய்த்து நெய்தால் தோள் வலிக்கும், தனியாகக் கால்சட்டம் வாங்க வேண்டிவரும். அதே நிறுவனத்தின் நிட்டர்ஸ் லூம் நெய்த துணியோடு அப்படியே மடங்கும். சோபாவுக்குப் பின்னால் செருகலாம் என்பதால் சின்ன வீட்டுக்கு அதுவே மேல். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவோடு 9% பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தறியோடு வரும் அச்சு பெரும்பாலும் அங்குலத்துக்கு 7.5 இழை. அது கம்பளி நூலுக்கு உகந்தது. சிங்கப்பூரில் கம்பளிச் சால்வை யாருக்கு? அங்குலத்துக்கு 10 இழை அச்சையும் அதே பொட்டலத்தில் வரவழைத்துவிடுவது நல்லது.

பருத்தியில் மூன்று கைத்துண்டு நெய்ய ஒரு கணக்கு. அச்சில் 50 செ.மீ. அகலம், செ.மீ.-க்கு 4 இழை (அங்குலத்துக்கு 10), ஆக 200 இழை. துண்டுக்கு 75 செ.மீ. வீதம் 225, நெசவில் சுருங்குவதற்கு 25, இரு முனையிலும் வீணாவது 50, மொத்தம் 3 மீட்டர். பாவுக்கு 600 மீட்டர் நூல் ஆயிற்று. செ.மீ.-க்கு 4 ஊடை போட்டால் 900 ஊடை, ஏறக்குறைய 470 மீட்டர். 8/4 பருத்தி நூல் கிலோவுக்குச் சுமார் 3,390 மீட்டர் ஓடும். சேதாரம் சேர்த்து 350 கிராம் வாங்கினால் போதும். துவைத்து ஓரம் மடித்தபின் துண்டு ஏறத்தாழ 45-க்கு 63 செ.மீ. நிற்கும்.

நூல் எண்ணில் பலர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் 2/20 என்றால் 20-ஆம் நம்பர் நூல் இரண்டு இழை முறுக்கியது. மேலைநாட்டுத் தறிக்கடைகளில் 8/4 என்றால் 8-ஆம் நம்பர், நான்கு இழை. எண்கள் இடம் மாறி நிற்கும். தெரியாமல் மெல்லிய 2/20 நூல் சிட்டத்தை வாங்கி இந்த அச்சில் ஏற்றினால் கொசுவலைதான் கிடைக்கும்.

பாவு ஏற்றும்போது கெடுவதுதான் கடைசிவரை துணியில் தெரியும். தறியை ஒரு மேசையிலும் பாவு நூலை மாட்டும் முளையை 3 மீட்டர் தள்ளி இன்னொரு மேசையிலும் இறுக்குங்கள். கூடத்தில் அவ்வளவு நீளம் இல்லையென்றால் நடுவே இன்னொரு முளை வைத்து வளைத்து ஓட்டலாம். ஒவ்வொரு பிளவிலும் இழையைக் கொக்கியால் மடித்திழுத்து முளையில் மாட்டி, முழுப் பாவையும் தறியின் பின்பக்க உருளையான பின்மரத்தில் சுற்றியபின், பிளவுக்கு இரண்டாக இருக்கும் இழைகளில் ஒன்றைப் பக்கத்துத் துளைக்கு மாற்ற வேண்டும். சுற்றும்போது அடுக்குக்கு நடுவே கெட்டித்தாள் விடாமல் கொடுத்து வாருங்கள். இல்லையென்றால் மேல் இழை கீழ் அடுக்குக்குள் புதைந்து, சில இழை தளர்ந்து சில இழை விறைத்து நிற்கும். நாளிதழ் வேண்டாம், மை ஒட்டும்.

ஓரம் உள்ளே இழுப்பது இன்னொரு தொல்லை. ஊடையை நேராக இழுத்துவிட்டால் அகலம் குறைந்து, ஓர இழைகள் அச்சில் உரசி அறும். ஊடையைச் சாய்வாக விட்டுப் பிறகு தட்டுங்கள். இழை அறுந்தால் பாவைப் பிரிக்க வேண்டாம். புது இழையை அதே வழியில் கோத்து, துணியில் குத்திய ஊசியில் எட்டுப்போல் சுற்றி, பின்னால் ஒரு சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டால் போதும்.

சிங்கப்பூர்ப் புழுக்கம் இந்த வேலைக்கு உதவி. பருத்தி இழை ஈரக்காற்றில் வலுக்கும். நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் இழை காய்ந்து பிசிறடித்து அறுகிறது. கூடமே நல்ல இடம். தமிழ்நாட்டில் விடியற்காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவது ஒற்றை இழை நூலுக்காக. முறுக்கு நூலுக்கு அது வேண்டாம். இங்கே கஞ்சி போட்டால் கரப்பானும் பூஞ்சணமும் விருந்துக்கு வரும். தறியையும் நூலையும் வீட்டுக் காப்பறையில் (அவசரகாலப் பாதுகாப்பு அறையில்) பூட்டாதீர்கள். காற்றோட்டம் குறைவு, மரத்தில் கரும்புள்ளி விழும். மெருகு பூசாமல் வரும் தறிக்குப் பூட்டும் முன்பே எண்ணெயோ மெழுகோ தேய்த்துவிட வேண்டும்.

இடையில் விட நேர்ந்தால் பாவை இறுக்கிப் பிடிக்கும் பல்சக்கரத்தில் ஓரிரு பல் தளர்த்தி, அச்சை நடுநிலையில் வைத்துப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடுத்த ஊடை மேலா கீழா, எத்தனை செ.மீ. முடிந்தது என்று காகித நாடாவில் எழுதித் தறியிலேயே ஒட்டுங்கள். திரும்ப வரும்போது கடைசி இரண்டு மூன்று ஊடையைப் பிரித்துவிட்டு இறுக்கி நெய்தால், விட்ட இடத்தில் கோடு விழாது. தேர்வுக் காலத்துக்குச் சாதா நெசவுப் பாவே ஏற்றது. பட்டைக்குச்சி செருகிச் சில இழைகளைத் தூக்கிப் பூ வேலைப்பாடு எடுக்கும் வேலையை நடுவில் விட்டால் வரிசை எண்ணிக்கை கைநழுவிப் போகும்.

முடித்த துணியின் தரத்தைத் துவைக்காமல் முடிவு செய்யாதீர்கள். ஒருமுறை 40 டிகிரியில் துவைத்த பிறகுதான் இழைகள் நெருங்கி நீர் உறிஞ்சத் தொடங்கும். அரக்குச் சிவப்பு நூல் துணியை முதல் இரண்டு மூன்று முறை தனியாகத் துவையுங்கள். வினிகரோ உப்போ பருத்தியில் சாயம் போவதை நிறுத்தாது.

காசு மிச்சமாகும் என்று வாங்க வேண்டாம். தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் சில வெள்ளிக்குத் துண்டு கிடைக்கிறது. பழைய தறியாக வாங்கினால் பல்சக்கரத்தைப் பிடிக்கும் பிளாஸ்டிக் நாக்கு தேய்ந்திருக்கிறதா, அச்சின் துளைகளில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன்மரத்தையும் பின்மரத்தையும் தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். வளைந்த மரத்தைத் தள்ளுபடி விலைக்குக்கூட எடுக்காதீர்கள். அச்சும் நாக்கும் தனியாக வாங்கி மாற்றக்கூடியவை.