பீப்பாயில் ஒரு மதிப்பெண், முப்பது வருடம் கழித்து ஒரு மதிப்பெண்: எதை நம்பலாம்?

1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி பத்து சிவப்பு ஒயின்களை வரிசையாக ஊற்றி வைத்தார். நான்கு பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்தவை, ஆறு கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. எந்தக் கோப்பையில் எது இருக்கிறது என்று நடுவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒன்பது பிரெஞ்சு நடுவர்களின் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடத்தில் இருந்தது (பெயருக்குப் பின்னால் வரும் எண் அறுவடை ஆண்டு). போர்தோவின் மூத்தோன் ரோத்ஷில்ட் 1970 இரண்டாவது, மோன்ரோஸ் மூன்றாவது, ஓ பிரியோன் நான்காவது. கலிபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 ஐந்தாவது, குளோ டு வால் 1972 எட்டாவது.

போர்தோ நிதானமாக முதிரும் ஒயின், இப்போதே தீர்ப்பு சொல்வது நியாயமில்லை, காத்திருந்து பாருங்கள் என்று அப்போது ஒரு வாதம் கிளம்பியது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பத்து வருடம் கழித்து, 1986இல், நியூயார்க்கில் அதே சிவப்பு ஒயின்களில் ஒன்பதை மறுபடி ருசி பார்த்தார்கள். எட்டாவதாக இருந்த குளோ டு வால் முதலிடத்துக்கு வந்தது. 2006இல் லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் இன்னொரு சுற்று. இரண்டு ஊர் நடுவர்களும் ரிட்ஜுக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஸ்டாக்ஸ் லீப் இரண்டாவது. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே போயின, மூத்தோன் ஆறாவது.

ஒரே ஒயின்கள், மூன்று தீர்ப்புகள். இதில் எது சரி என்று கேட்பதைவிட, எந்தத் தீர்ப்பு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. விலை உயர்ந்த ஒரு சிவப்பு ஒயினைப் பற்றிப் பொதுவாக மூன்று வகைக் குறிப்புகள் கிடைக்கும்: பீப்பாயில் இருக்கும்போது எழுதியது, புட்டியில் அடைத்த புதிதில் எழுதியது, பல வருடம் கழித்து எழுதியது.

பீப்பாய்க் குறிப்புக்குப் பேர்போனது போர்தோ. அறுவடை முடிந்த அடுத்த வசந்தத்தில், ஒயினுக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கும்போது, விமர்சகர்கள் வந்து ருசி பார்க்கிறார்கள். புட்டிக்குப் போக இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். அதனால்தான் பலர் நூறுக்கு இவ்வளவு என்று ஒற்றை எண் தராமல் 94-96 என்று இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். அந்தக் கோப்பையில் இருப்பது கருஊதா நிறம், பழ வாசனை, புது ஓக் மரத்தின் வாசனை, நெடுநேரம் ஊறிய தேநீர் போல ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். இங்கே முளையில் தெரிவது பயிரின் பலம் மட்டும்தான், ருசி தெரியாது.

ஏன் என்பதை ஒயினுக்குள்ளே நடப்பது சொல்லிவிடும். துவர்ப்பைத் தருவது டானின், நிறத்தைத் தருவது ஆந்தோசயனின். இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு பகுதி கசடாக அடியில் படிகிறது. அதனால் துவர்ப்பு மெத்தென்று ஆகிறது, நிறம் வெளிறுகிறது. முதிர்ந்த ஒயினை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்தால் நடுவில் மங்கிய மாணிக்கச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் தெரியும். பழ வாசனை பின்வாங்கி, தோல், புகையிலை, காய்ந்த இலை, மழைக்குப் பிந்தைய காட்டு மண் என்று வேறு வாசனைகள் வரும். இளமையில் எண் போட்டவர் இவற்றில் எதையும் முகர்ந்திருக்க முடியாது, ஊகித்திருக்கிறார், அவ்வளவுதான்.

புட்டியில் அடைத்த புதிதில் எழுதும் குறிப்பு கொஞ்சம் உறுதியானது. கலவை முடிந்துவிட்டது, கடைக்கு வரப்போவதும் இதே ஒயின்தான். ஆனால் நல்ல சிவப்பு ஒயின்கள் பல, அடைத்த சில வருடங்களில் வாசனையே இல்லாமல் மூடிக்கொள்ளும் ஒரு பருவம் உண்டு. அந்தச் சமயத்தில் ருசி பார்த்தவர் எண்ணைக் குறைத்தால், ஒயின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

சரி, இளமைக் கணிப்பு பலித்ததா? இரண்டு போர்தோ ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1975 அறுவடைக்கு ஆரம்பத்தில் நல்ல பெயர். துவர்ப்பு கடுமையாக இருந்தது, அதையே நீண்ட ஆயுளின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெத்ருஸ், லா மிசியோன் ஓ பிரியோன் போன்ற சில தவிர, பல ஒயின்களில் துவர்ப்பு இளகுவதற்கு முன்பே பழம் வற்றிப்போனது. 1982இல் நேர்மாறு. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதை எடுத்த எடுப்பிலேயே மாபெரும் ஆண்டு என்றார். சில மூத்த விமர்சகர்கள் புளிப்பு குறைவு, மிகவும் மென்மை, நீடிக்காது என்றார்கள். நாற்பது வருடம் தாண்டியும் அந்த ஆண்டின் லத்தூரும் மூத்தோனும் கொண்டாடப்படுகின்றன. துவர்ப்பு அதிகம் என்பதும் ஆயுள் அதிகம் என்பதும் ஒன்றல்ல, அந்தத் துவர்ப்பைத் தாங்கும் அளவுக்குப் பழமும் இருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு ஆண்டுகளும் காட்டிவிட்டன.

இந்தச் சண்டையைக் காலம் தீர்த்துவைத்தது. எல்லாச் சண்டையையும் அது தீர்க்காது. 2004இல், போர்தோவின் சேன்ட் எமிலியோன் பகுதியைச் சேர்ந்த ஷாட்டோ பவீ 2003ஐப் பீப்பாய் நிலையில் ருசி பார்த்த பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் இருபதுக்கு 12 கொடுத்தார். பழம் அளவுக்கு மீறிக் கனிந்து, போர்ட் ஒயின் போல இனிக்கிறது என்பது அவர் குறை. அதே ஒயினைப் பார்க்கர் வானளாவப் புகழ்ந்தார். ஒயின் நீடிக்குமா என்பது அங்கே கேள்வியாக இல்லை. சேன்ட் எமிலியோன் ஒயின் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. முப்பது வருடம் கழித்துத் திறந்தாலும் அந்தக் கனிந்த ருசியை விரும்புகிறவர் விரும்பத்தான் போகிறார். ஆகவே இரண்டு விமர்சகர்கள் மாறுபடும்போது முதலில் நான் பார்ப்பது, மாறுபாடு ஆயுளைப் பற்றியதா ருசியைப் பற்றியதா என்பதைத்தான். ருசியைப் பற்றியது என்றால் பல வருடம் கழித்து வரும் குறிப்புக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. யாருடைய நாக்கு நம் நாக்கோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்துகொண்டு அவரைப் படிப்பதே வழி.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கலிபோர்னியாவின் ஒரு போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர், நடுவர்களுக்கே தெரியாமல் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றிக் கொடுத்துச் சோதித்தார். ஒரே நடுவர், ஒரே ஒயின், ஆனாலும் மதிப்பெண் சாதாரணமாக நான்கு புள்ளி மேலும் கீழும் ஆடியது. அப்படியானால் 93 என்று எழுதியவர் பத்து வருடம் கழித்து 95 என்று எழுதினால், ஒயின் மேம்பட்டுவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த எண்ணுக்குக் கீழே உள்ள வாக்கியங்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மைக்கேல் பிராட்பென்டின் முறை. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் ஒயின் பிரிவை நடத்தியவர், ஒரே ஒயினைப் பல பத்தாண்டுகளில் திரும்பத் திரும்ப ருசி பார்த்துக் குறித்து வைத்தவர். ஐந்து நட்சத்திரத்தில் இப்போது தெரிவதை வெளியேயும், இனி வரக்கூடியதை அடைப்புக்குறிக்குள்ளும் போடுவார். வெளியே மூன்று, உள்ளே இரண்டு என்றால் இன்றைக்கு நல்ல ஒயின், பொறுத்தால் அருமையான ஒயின். நூறு புள்ளி முறை இந்த இரண்டையும் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறது. பழைய குறிப்புகளைப் புதியவற்றோடு ஒப்பிடும்போது வரும் குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

பல வருடம் வைத்துக் குடிக்க வாங்குகிறீர்களா? புட்டியில் அடைத்த பிறகு எழுதிய இரண்டு மூன்று பேரின் குறிப்புகளைப் படியுங்கள். எண்ணை விட்டுவிட்டு, துவர்ப்பு, புளிப்பு, பழம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பீப்பாய்க் குறிப்பு, ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே, விலை வெளியானதும் முந்திக்கொண்டு வாங்க வேண்டியவருக்கு மட்டுமே அவசியம். முதிர்ந்த ஒயினை வாங்குகிறவர் கடைசி ஓரிரு வருடத்தில் எழுதியதைத் தவிர மற்றதை ஒதுக்கிவிடலாம், எவ்வளவு பெரிய பெயர் எழுதியிருந்தாலும் சரி.

அந்தக் கடைசிக் குறிப்பிலும் ஒன்றைத் தேடுங்கள்: திறந்து எவ்வளவு நேரம் கழித்து ருசி பார்த்தார் என்பது. முப்பது வயதுப் புட்டி திறந்தவுடன் ஈரப் பலகை போல மந்தமாக இருக்கும், இருபது நிமிடத்தில் வாசனை எழும்பும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் கோப்பையிலேயே வற்றிப்போனாலும் போகலாம். ஐந்து வயதுப் புட்டியோ மாலையில் திறந்தால் மறுநாள் காலையில்தான் வாய் திறக்கும். நேரத்தைக் குறித்து வைத்திருப்பவரின் குறிப்பை நான் இரண்டு முறை படிக்கிறேன்.