ட்ரையத்லான் சாமான் ரிவ்யூ: நம்ம வெயிலுக்கு எது தாங்குது, எது தண்டம்

யூட்யூப்ல ட்ரையத்லான் (ஒரே ரேஸ்ல நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும்) கியர் ரிவ்யூ போடறவங்க முக்காவாசி பேரு குளிர் ஊர்க்காரங்க, அதனால அவங்க லிஸ்ட்ல முதல் சாமானே வெட்சூட்டா (குளிர் தண்ணில நீந்த போடற ரப்பர் சூட்) இருக்கும். நம்மாளு ஒருத்தர் அதைப் பாத்துட்டு வாங்கினா பீரோல மாட்டி அழகு பாக்கலாம், வேற ஒண்ணும் பண்ண முடியாது. அயர்ன்மேன் ரூல்படி நம்மள மாதிரி ஏஜ் குரூப் (புரொஃபஷனல் இல்லாத) ஆளுங்களுக்கு தண்ணி 24.5 டிகிரி வரைக்கும்தான் வெட்சூட் ஓகே, அதுக்கு மேல போட்டா நீந்தலாம் ஆனா பிரைஸ் கணக்குல வர மாட்டீங்க, 28.8 தாண்டிட்டா போடவே கூடாது. சென்னை பக்கம் கோவளம் கடல்ல காலை வெச்சவங்களுக்கு இந்த நம்பரைப் பாத்தாலே சிரிப்பு வரும். அதனால இந்த ரிவ்யூல வெட்சூட் கிடையாது, ஏரோ வீல் கிடையாது. வெயில், வேர்வை, உப்புக்காத்து மூணுத்தையும் எந்த சாமான் தாங்குச்சு, இந்த சீசனுக்கு காசை எங்க போடறேன், அது மட்டும்தான். சீசனோட குறி கோவால நடக்கற அயர்ன்மேன் 70.3, அதாவது முழு அயர்ன்மேன்ல பாதி தூரம்.

முதல்ல நீச்சல் கண்ணாடி. விலை கம்மி, ஆனா வித்தியாசம் பெருசு. நம்ம பக்கம் கடல் கிழக்க இருக்கு, காலைல ஆறு ஆறரைக்கு கரையை விட்டு உள்ள போறப்ப சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும், போட்டு வெச்சிருக்கற மிதவையும் தெரியாது பக்கத்துல வர்ற ஃபைபர் போட்டும் தெரியாது. டெக்கத்லான்ல நபைஜி மிரர் லென்ஸ் ஒண்ணு எடுத்தேன், அந்த கூச்சம் சுத்தமா அடங்கிடுச்சு. கோவால இது அப்படியே உல்டா, அங்க கடல் மேற்க, போறப்ப வெளிச்சம் முதுகுல, கரைக்கு திரும்பறப்பதான் கண்ணுல. அதனால மிராமார் பீச்சுக்கும் மிரர் லென்ஸ்தான் எடுத்துட்டுப் போறேன், மேகம் போட்டிருந்தா மாத்திக்க க்ளியர் ஒண்ணு பையில இருக்கும். ஒரே விஷயம், உள்பக்கம் விரலால தேய்க்காதீங்க, அந்த ஆன்ட்டி ஃபாக் கோட்டிங் போயிடும், அப்புறம் எச்சி துப்பி கழுவிட்டு போட்டாதான் உண்டு.

ட்ரைசூட் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணுக்கும் மாத்தாம போடற ஒரே உடுப்பு) பத்தி ஒரு புலம்பல். போன சீசன்ல கருப்பு கலர்ல கையில்லாத ஒண்ணு, நல்ல பேரெடுத்த வெளிநாட்டு கம்பெனிதான், பேரு வேணாம். துணி நல்லா இருந்துச்சு, தையல்தான் கொடுமை, அக்குள் பக்கம் மடிச்சு தைச்ச இடம் உப்புத்தண்ணில ஊறி அறுத்து வெச்சிருச்சு, குளிக்கறப்ப சோப்பு பட்டா உயிர் போகும். இப்ப வெள்ளை கலந்த அரைக்கை சூட் ஒண்ணு வாங்கியிருக்கேன், தோள்பட்டை வெயில்ல வேகாது, மேல தண்ணி ஊத்திக்கிட்டா கை துணி ஈரமா நின்னு நல்லா குளிரும், அதுவே ஒரு ஏசி. ஒவ்வொரு ரேஸ்லயும் கை எது வரைக்கும் இருக்கலாம்னு ரூல் மாறும், அத்லெட் கைடை படிச்சுட்டு வாங்குங்க. கழுத்து, அக்குள், தொடை மூணு இடத்துலயும் வாஸ்லின் தாராளமா போடுங்க.

வாட்ச். கார்மின் ஃபோர்ரன்னர் 255, ரெண்டு சீசனா கையில கிடக்கு. ட்ரையத்லான் மோட் போட்டுட்டா லேப் பட்டனை ஒவ்வொரு தடவை அமுக்கறப்பவும் நீச்சல், டி1, சைக்கிள், டி2, ஓட்டம்னு தானா மாறிக்கிட்டே போகும் (டி1, டி2ன்னா ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு மாறற நேரம்). முழுக்க பட்டன்தான், டச் ஸ்கிரீன் இல்ல, அதை குறையா சொல்றாங்க, ஆனா வேர்வை வழியற விரலை வெச்சுக்கிட்டு டச்சை தேய்ச்சுப் பாத்தவங்களுக்கு பட்டனோட அருமை தெரியும். விலை கம்மியா இருக்குன்னு ஃபோர்ரன்னர் 55 பக்கம் போயிடாதீங்க, ஓடறதுக்கு சூப்பர் வாட்ச், ஆனா அதுல ட்ரையத்லான் மோடும் இல்ல, கடல் நீச்சல் மோடும் இல்ல. 255ல கடல்ல ஜிபிஎஸ் கோடு கொஞ்சம் கோணல்மாணலா வரும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் கை தண்ணிக்குள்ள போகுது, சிக்னல் விட்டு விட்டுதானே கிடைக்கும். அதை வெச்சு வேகம் பாத்து டென்ஷன் ஆகாதீங்க.

இனி சைக்கிள். காசும் இங்கதான் போகும், சண்டையும் இங்கதான் நடக்கும். டிடி பைக் (குனிஞ்சு படுத்து ஓட்டற டைம் ட்ரையல் சைக்கிள்) வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு என் பதில், ஈசிஆர்ல மாசம் எத்தனை தடவை ஏரோ பொசிஷன்ல அரை மணி நேரம் தொடர்ந்து படுத்து ஓட்டறீங்க? உத்தண்டி டோல் தாண்டற வரைக்கும் நாய், பஸ், டீக்கடை முன்னாடி திடீர்னு நிக்கற கார். அதுக்கு மேல மகாபலிபுரம் வரைக்கும் ரோடு நல்லா இருக்கு, அதுவும் எட்டு மணிக்கு முன்னாடி. அலுமினியம் ரோடு பைக், ஷிமானோ 105 கியர், மேல க்ளிப் ஆன் ஏரோ பார் (முழங்கையை ஊனி குனிஞ்சு ஓட்ட ஹேண்டில்ல மாட்டற கம்பி), இது போதும் 70.3க்கு. ஏரோ பார் போட்டா மட்டும் பத்தாது, சீட்டை கொஞ்சம் முன்னாடி தள்ளி கொஞ்சம் ஏத்தணும், இல்லன்னா முட்டி நெஞ்சுல இடிக்கும், 90 கிலோமீட்டர் முடிச்சு இறங்கறப்ப இடுப்பு நிமிராது, அப்புறம் 21 கிலோமீட்டர் எங்க ஓடறது. அதனால ஏரோ ஹெல்மெட்டுக்கு எடுத்து வெச்ச காசை பைக் ஃபிட்டிங்ல போட்டேன். ரெண்டு மணி நேரம் அந்த தம்பி பொறுமையா ஒவ்வொரு மில்லிமீட்டரா மாத்தி மாத்தி வெச்சாரு, அதுக்கப்புறம் வலது கை மரத்துப் போறது நின்னுடுச்சு. இந்த மொத்த லிஸ்ட்லயும் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு இதுலதான்.

டயர் கான்டினென்டல் ஜிபி5000, 28 எம்எம் அகலம். முன்ன 25 போட்டிருந்தேன், கோவளம் தாண்டி ரோட்டோரத்துல லாரி டயர் வெடிச்சு கிடக்கற கம்பித்துண்டு குத்தாத வாரமே இல்ல. 28ல காத்து கொஞ்சம் கம்மியா, என் எழுபது கிலோவுக்கு 75 பிஎஸ்ஐ பக்கம் வெச்சு ஓட்டறேன், அதிர்வும் குறைஞ்சது பஞ்சரும் குறைஞ்சது, வேகம் குறைஞ்ச மாதிரி தெரியல. டிபியூ ட்யூப் (ரப்பருக்குப் பதிலா மெலிசான பிளாஸ்டிக் மாதிரி) லேசா இருக்கும், ஸ்பேருக்கு சட்டைப்பையில வெச்சுக்க அருமை, ஆனா ரிம் பிரேக் வண்டி வெச்சிருக்கறவங்க அட்டையைப் படிச்சுட்டு வாங்குங்க, சில மாடல் ரிம் சூடு தாங்காது, டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்னு போட்டிருப்பான். ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவுல பிரேக் பிடிச்சுக்கிட்டே இறங்கறப்ப ரிம் எவ்ளோ சூடாகும்னு தொட்டுப் பாத்தவங்களுக்குப் புரியும்.

யாரும் ரிவ்யூல சொல்லாத ஒண்ணு, வேர்வை. மே மாசம் வெளிய ஓட்ட முடியாதுன்னு வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல (சைக்கிளை மாட்டி நின்ன இடத்துலயே மிதிக்கற ஸ்டாண்டு) ஏறினா ஃபேன் போட்டும் மூக்கு நுனில இருந்து சொட்டு சொட்டா நேரா ஹேண்டிலைப் பிடிச்சிருக்கற ஸ்டெம் போல்ட் மேல விழும். சீசன் முடிஞ்சு ஆலன் கீ விட்டுப் பாத்தா அந்த குழிக்குள்ள இருந்து காவி கலர்ல பொடி கொட்டுது, ஒரு போல்ட் தலை மழுங்கி கடைல ட்ரில் போட்டுதான் எடுத்தாங்க. ஹேண்டில்பார் டேப்பை பிரிச்சா உள்ள அலுமினியம் வெள்ளை வெள்ளையா பூத்துப் போயிருக்கு. நூறு ரூபா துண்டை ஹேண்டில்ல இருந்து சீட் வரைக்கும் கட்டுங்க, போல்ட்டுக்கு கிரீஸ் வைங்க, ஈசிஆர் போயிட்டு வந்தா நல்ல தண்ணில துடைங்க.

தண்ணி, சாப்பாடு. ஒரு மணி நேரம் ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம், நடுவுல குடிச்சதையும் சேத்துக்குங்க. சென்னைல எனக்கு ஒன்றரை லிட்டர் பக்கம் வருது. சீட்டுக்குப் பின்னாடி மாட்டற ரெட்டை பாட்டில் ஹோல்டர் ஒண்ணு வாங்கினேன், முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே பாட்டில் ராக்கெட் விட்டுச்சு, பின்னாடி வந்த பையன் நல்ல வேளை ஒதுங்கிட்டான். இப்ப ஏரோ பார் நடுவுல ஒண்ணு, ஃப்ரேம்ல ரெண்டு, அவ்ளோதான். ஜெல்லுக்கு யுனிவெட், உப்புக்கு ஃபாஸ்ட் அண்ட் அப் மாத்திரை, ரெண்டும் வயித்துக்கு ஒத்துக்குது. ஆனா ட்ரெய்னிங்குக்கு எல்லாம் ஜெல்லு கட்டுப்படியாகாதுங்க. குளுக்கோஸ் மட்டும்னா மணிக்கு 60 கிராம் பக்கத்துலயே குடல் நின்னுடும், ஃபிரக்டோஸ் வேற வழியா உள்ள போறதால ரெண்டும் கலந்தா 90 வரைக்கும் ஏத்தலாம், கம்பெனிக்காரன் இதைத்தான் பாக்கெட்ல போட்டு விக்கறான். நம்ம வீட்டு சர்க்கரையே பாதி குளுக்கோஸ் பாதி ஃபிரக்டோஸ்தான். அறுபது எழுபது கிராம் சர்க்கரை, கால் ஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில் ரெடி. கோவில்பட்டி கடலைமிட்டாய் 200 கிலோமீட்டர் பிரெவேக்கு (நேரக் கெடுவுக்குள்ள முடிச்சா போதும்ங்கற நீண்ட தூர சைக்கிள் பயணம்) தங்கம், மெதுவா போறோம், மெல்ல நேரம் இருக்கு. 70.3 வேகத்துல கடலையோட கொழுப்பு வயித்துலயே உக்காந்துக்கும், வேணாம்.

ஷூ பத்தி சுருக்கமா. தலைல தண்ணி ஊத்திக்கிட்டா கடைசில அது ஷூவுக்குள்ளதான் வரும், ஆனா கடைல கால்ல போட்டுப் பாக்கறதோட சரி, ஈரமானா எப்படி இருக்குன்னு யாரும் பாக்கறதில்ல. மெத்து மெத்துன்னு இருக்கற ஷூ ஈரத்துல சதக் சதக்னு கனத்துப் போகும், மெலிசான மெஷ் வெச்சதா எடுங்க. எலாஸ்டிக் லேஸ் கட்டாயம்.

ரேஸ் ப்ளான் இதுதான். ஜனவரில சென்னை மராத்தான்ல ஹாஃப், பிப்ரவரி மார்ச்ல ஒரு 200 பிரெவே, பதிமூன்றரை மணி நேர கட் ஆஃப் இருக்கறதால உக்காந்து பழக நல்லது. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் வேளச்சேரி நீச்சல் குளமும் வீட்டு ட்ரெய்னரும். ஆகஸ்ட்ல பக்கத்துல எங்கயாவது ஒரு ஒலிம்பிக் டிஸ்டன்ஸ் ட்ரையத்லான், 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம், புது சூட்டையும் பாட்டில் செட்டப்பையும் ரேஸ்ல சோதிக்க. அப்புறம் கோவா. 2019 அக்டோபர்ல முதல் தடவை நடந்துச்சு, 2025ல நவம்பர் 9, அந்த ரேஸை அரசியல்வாதிங்க தேஜஸ்வி சூர்யாவும் அண்ணாமலையும் முடிச்சதுல இருந்து எங்க வீட்ல பெரியம்மா வரைக்கும் அயர்ன்மேன்னா என்னன்னு தெரிஞ்சு போச்சு, "நீ எப்படா?"ன்னு கேக்கறாங்க. நவம்பர்ல இருக்கற ஒரே தலைவலி, நமக்கு அப்ப வடகிழக்கு மழை, வடக்க இருந்து வண்ணி வெள்ளம்னு மீனவங்க சொல்ற நீரோட்டம் வேற இழுக்கும், கடைசி மூணு நாலு வாரம் கடல்ல இறங்கறது புத்திசாலித்தனம் இல்ல. அதனால கடல் நீச்சலை செப்டம்பருக்குள்ள முடிச்சுட்டு அப்புறம் குளத்துல கண்ணை மூடி ஆறு ஸ்ட்ரோக், அப்புறம் தலை தூக்கி திசை பாக்கறதுன்னு பழகப் போறேன். டார்கெட் ஆறரை மணி நேரம், கட் ஆஃப் எட்டரை, நடுவுல ரெண்டு மணி நேரம் இருக்குன்னு தைரியம்.

இன்னும் முடிவாகாதது வண்டியை எப்படி கொண்டு போறதுங்கறது. ஃப்ளைட்னா பெடல், ஹேண்டில் கழட்டி பாக்ஸ்ல போடணும், பஞ்சருக்கு வெச்சிருக்கற சிஓ2 சிலிண்டரை செக்யூரிட்டில எடுத்துடுவாங்க, கைப்பம்புதான் ஒரே வழி. நாலு பேரு சேந்து பெங்களூர், ஹூப்ளி வழியா கார்லயே போயிடலாமான்னு பேச்சு ஓடுது. அந்த ரூட்ல கூரைல சைக்கிள் ஏத்திட்டுப் போனவங்க யாராவது இருந்தா காட் ரோடு எப்படி இருக்கு, எந்த ரேக் ஆடாம நிக்குதுன்னு சொல்லுங்க, அடுத்த மாசம் அதைத்தான் வாங்கணும்.