டேண்டமா, ஏஎஃப்எஃப் பயிற்சியா?

சென்னையிலிருந்து துபாய்க்கோ பட்டாயாவுக்கோ போகிற நண்பர்கள் ஸ்கைடைவிங் பற்றி என்னிடம் கேட்பது இதைத்தான்: டேண்டம் போதுமா, தனியாகக் குதிக்கக் கற்றுத்தரும் ஏஎஃப்எஃப் பயிற்சியே எடுத்துவிடலாமா?

டேண்டமில் பயிற்றுநரோடு உங்களைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். விமானத்திலிருந்து சுமார் 13,000 அடியில் குதிக்கலாம். ட்ரோக் என்ற சிறு பாராசூட் வேகத்தை மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் பிடித்து வைக்கும். முடிவெல்லாம் அவருடையது. தரையிறங்கும்போது காலைத் தூக்கினால் சரி.

ஏஎஃப்எஃப் அப்படியில்லை. முதல் குதிப்பிலேயே பாராசூட் உங்கள் முதுகில். இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் பிடித்தபடி வருவார்கள். ஆனால் சுமார் 5,500 அடியில் கைப்பிடியை இழுப்பது நீங்கள்தான். மெயின் என்ற முதன்மைப் பாராசூட் சரியாக விரியாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு, ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டை இழுக்க, கை தானாகப் போகிற வரை தரையிலேயே பழக வேண்டும். நான் வேளச்சேரி மொட்டை மாடியில் பாய் விரித்து, குப்புறப் படுத்து, நெஞ்சையும் காலையும் தூக்கி, வலது இடுப்புக்குப் பின்னால் கைப்பிடியைத் தேடித் தேடிப் பழகினேன். பக்கத்து மாடியில் துணி காயப்போடும் அக்கா தினமும் விசாரிப்பார்.

என் ஓட்டு பயிற்சிக்குத்தான். பாராசூட் விரியாமல் போகுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். ஆனால் நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழ், தரைக்குப் பக்கத்தில் அதைச் சட்டென்று திருப்பப் போய் அடிபடுபவர்கள் நிறைய. அந்த நேரத்தில் பதறாமல் ஓட்டும் நிதானம் டேண்டமில் கைவராது. அப்புறம், அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் நிலை உரிமமான ஏ உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். காற்று பலமானால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டிவரும். ரிட்டர்ன் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியே போடுங்கள்.