வெயிலிலும் மழையிலும் விட்டுப் பார்த்த கைவேலைகள்: எது நின்றது, எது போனது

வீட்டு அலங்காரப் படங்கள் எல்லாமே செய்து முடித்த அன்று எடுத்தவைதான். பலகை பளிச்சென்று இருக்கும், கயிறு வெள்ளையாக இருக்கும், தொட்டியில் ஒரு கறை இருக்காது. அதே பொருள் இரண்டு மழைக்காலம் தாண்டியபிறகு என்ன கோலத்தில் இருக்கிறது என்று யாரும் படம் போடுவதில்லை. மொட்டைமாடியிலும் வாசல் ஓரத்திலும் நானே செய்து போட்ட சாமான்கள் சில வருடங்களாக வெயிலில் காய்ந்து மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன, அவற்றின் கதைதான் இது. செய்முறை எழுதப்போவதில்லை, அது தேடினால் எங்கும் கிடைக்கும். நான் பார்த்தவரை வெளியே வைக்கிற பொருளில் மரமோ சிமென்ட்டோ சும்மா கெடுவதில்லை. தண்ணீர் எங்கே தங்குகிறதோ அந்த இடம் மட்டும்தான் கெடுகிறது, அப்புறம் அது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் பேலட் பெஞ்ச். சரக்கை அடுக்கி ஏற்றி இறக்கும் மரத்தட்டுகள்தான் பேலட்டுகள், அவற்றைப் பிரித்துச் செய்தது. நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்டி என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, குறைந்தது 30 நிமிடம் அப்படியே இருந்தது என்று அர்த்தம். எம்பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதைத் தொடவே வேண்டாம். எச்டி முத்திரை இருந்தாலும் எண்ணெய்க் கறையோ ஏதாவது மருந்து வாடையோ இருந்தால் நான் எடுக்க மாட்டேன், அதன்மேல் என்ன ஏற்றி வந்தார்கள் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. பிரிக்கும்போது ஆணியைப் பிடுங்கப் போனால் பலகையின் முனை பிளந்துவிடும், ஏனென்றால் அந்த ஆணிகள் முறுக்கோடு வருபவை. பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் ஹேக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிட்டால் பலகை முழுசாக வரும். ஆணியின் தலை பலகையிலேயே நிற்கும், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

பெஞ்சின் உட்காரும் பகுதி இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. பலகைகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டதால் தண்ணீர் நிற்பதில்லை. ஆனால் காய்ந்த இலை அந்த இடுக்கில் போய் அடைந்துகொள்ளும், அடைந்த இடத்தில் மட்டும் கறுப்பு விழும். பழைய பல் துலக்கும் பிரஷை வைத்து எப்போதாவது ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் போதும். பிரச்சினை கால்களில்தான். நான்கில் இரண்டு கால்கள் தரையின் சரிவான பக்கம் நிற்கின்றன, மழை விட்டபிறகும் அங்கே ஒரு படலம் தண்ணீர் இருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் போட்டு அடிப்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினேன், அரை விரல் ஆழத்துக்குத் தடையே இல்லாமல் போனது. மற்ற இரண்டு கால்களிலும் முனை ஏறவே இல்லை. ஒரே மரம், ஒரே எண்ணெய், ஒரே வெயில். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீர் ஏற்றிய குழாய்கள்தான் வெட்டுமுனையில் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன, நிற்கவைத்தால் அதே வேலையைத் திரும்பச் செய்கின்றன. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் அழுகவைக்க முடியாது, அதனால் நனைவதைவிடக் காயாமல் இருப்பதுதான் ஆபத்து. இப்போது கெட்டுப்போன அளவுக்கு அறுத்துவிட்டு, வெட்டுமுனையில் பசையை இரண்டு கை தடவி, அடியில் ரப்பர் கட்டை வைத்து ஏற்றியாகிவிட்டது. நான்கு காலையும் சமமாக அறுத்ததில் பெஞ்ச் கொஞ்சம் குள்ளம், ஆனாலும் 42 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. உட்கார 42 முதல் 45 வரை இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும்.

மேல்பூச்சு விஷயத்தில் எனக்கு இனி சந்தேகம் இல்லை. பெஞ்சுக்கு ஆளிவிதை எண்ணெய், பக்கத்தில் இருக்கும் சின்ன மேசைக்கு வார்னிஷ் என்று வேண்டுமென்றேதான் பிரித்து அடித்தேன். வார்னிஷ் மேசைதான் முதல் வருடம் எல்லோர் கண்ணையும் பறித்தது. அப்புறம் ஒரு மூலையில் மெல்லிசாக ஒரு விரிசல். அந்த வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை, படலத்துக்கு அடியிலேயே கிடந்து கறுத்து, செதில் செதிலாக உரிந்தது. அதைச் சரி செய்ய முழு மேசையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மரம் தெரியக் கொண்டுவர வேண்டும், இடையில் ஒட்டுப்போட முடியாது. எண்ணெய் அடித்த பெஞ்ச் சாம்பல் நிறமாகிவிட்டது, உண்மைதான். வெயிலின் புற ஊதாக் கதிர் மரநாரை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளை உடைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, மிச்சம் நிற்பது அந்தச் சாம்பல். வெறும் மேல்தோல் சமாச்சாரம், வலு குறைவதில்லை. துடைத்து இன்னொரு கை எண்ணெய் அடித்தால் ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்தது. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டு விறைப்பாகக் காய்ந்தபிறகுதான் குப்பைக்கு.

ஸ்க்ரூவைப் பற்றி ஒரே பேச்சு: ஜிப்சம் பலகைக்குப் போடுகிற கறுப்பு ஸ்க்ரூ வெளியே ஆகாது. துருப்பிடிக்கும், அதோடு அது இறுகலான எஃகு, மரம் நனைந்து உப்பி இழுக்கும்போது வளையாது, தலை டப்பென்று தெறிக்கும். 304 ரக ஸ்டெயின்லெஸ் போட்ட இடங்கள் அப்படியே இருக்கின்றன, கடல் காற்று படும் இடமென்றால் 316. பொருளில் வேறு எங்கே கஞ்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

சிமென்ட் தொட்டிகளுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடித்தவை இவைதான். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல், பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா வைத்து நடுவில் கலவை, சுவர் கனம் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல். இவற்றில் ஒன்றுகூட உடையவில்லை. காரணம் கலவை இல்லை, மேலே போர்த்திய ஈரச்சாக்கு. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினை புரிந்து இறுகுகிறது, அதனால் முதல் 7 நாள் ஈரம் போகாமல் வைத்திருப்பதுதான் முழு வேலையும். கணக்கில் எடுக்கும் பலம் வர 28 நாள் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மண்ணைக் கொட்டித் தூக்கினால் அடி கழன்றுவிடும். புதுத் தொட்டியின் காரத்தன்மையும் அதிகம், அதைக் காட்டும் பிஎச் அளவு 12க்கு மேல் போகும். அதில் நேரடியாகச் செடி வைத்தால் இலை மஞ்சளாகும். தண்ணீர் நிரப்பி, கொட்டி, திரும்ப நிரப்பி என்று சில தடவை ஊறவைத்தபிறகு நட்டவை எல்லாம் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டன. கலவையை வெறுங்கையால் அளையாதீர்கள், அதே காரம்தான் தோலையும் அரிக்கும்.

வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும், உப்பு வெளியே வருவதுதான், பயப்பட வேண்டாம். காய்ந்த பிரஷால் தேய்த்தால் போய்விடும். கொஞ்ச காலத்தில் வெள்ளையும் நின்று, நிழல் பக்கம் பச்சையாகப் பாசி படிந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கும் தொட்டிக்கு இந்தக் களை வராது என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பழைய துண்டை சிமென்ட் கூழில் முக்கி, வாளியின் மேல் கவிழ்த்துக் காயவைக்கும் தொட்டி ஒன்று படங்களில் அடிக்கடி வரும். மடிப்பு மடிப்பாக அழகாகத்தான் இருக்கிறது. மடிப்பு திரும்பும் இடங்களில் சிமென்ட் ஒரு நூல் கனம்தான் பிடிக்கும், வெயில் மாறி மாறி அடித்ததில் அங்கே விரிந்து உள்ளே துண்டின் நூல் தெரிகிறது. நிழலில், உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை ஒளித்து வைத்து, வெறும் உறையாகப் பயன்படுத்துங்கள். மண் நேராகப் போடுவதற்கு அது தாங்காது.

தானாக நீர் உறிஞ்சும் தொட்டிகளும் சில வைத்திருக்கிறேன்: அடியில் தண்ணீர் அறை, அதிலிருந்து மேலே மண்ணுக்குத் துணித்திரி. ஊருக்குப் போகும்போது நிம்மதி, அதற்காகவே இவற்றை விடமாட்டேன். பருத்தித் திரி மண்ணுக்குள் சில மாதத்தில் மக்கி அறுந்துவிடும், பாலியெஸ்டர் துணிக் கீற்று இன்னும் அப்படியே இருக்கிறது. தொட்டி உயரமாக இருந்தால் மேல் மண்ணுக்கு ஈரம் எட்டாது, ஒரு சாணுக்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் எப்போதும் கீழிருந்தே ஏறுவதால் உப்பு மேலே வந்து படியும், மாதத்துக்கு ஒரு தடவை மேலிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பக்கவாட்டில் வழிந்தோட ஒரு துளை கட்டாயம், இல்லையென்றால் பெருமழையில் வேர் மூழ்கும். தண்ணீர் ஊற்றும் வாயில் வலை கட்டுங்கள், சூடான காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம்தான் எடுக்கும்.

இதற்கு அண்ணன் முறையில் இன்னொன்று இருக்கிறது. பூச்சு இல்லாத சுட்ட மண்குடத்தைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நீர் நிரப்பி மூடிவிடுவது. சீனாவில் 2000 வருடங்களுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மண் காய்ந்தால் கசியும், ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும், திரியும் வேண்டாம் துளையும் வேண்டாம். அகலமான பாத்திக்கு இதுதான் என் முதல் தேர்வு. உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளாக ஆகக் குடத்தின் துவாரங்கள் அடைத்துக் கசிவு மந்தமாகும்.

சோலார் தோட்ட விளக்குகள் இரண்டு வருடத்தில் மங்கிப்போனால் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் கெட்டது உள்ளே இருக்கும் ஒற்றை 1.2 வோல்ட் நிக்கல் பேட்டரிதான், அடிமூடியைத் திறந்து அதே ரகத்தில் புதிது போட்டால் மறுபடி எரியும். சாதாரண 1.5 வோல்ட் செல்லைப் போடக்கூடாது, அது சார்ஜ் ஏற்றுவதற்கு ஆனதல்ல. மேலே இருக்கும் தகட்டின் பூச்சு பழுத்து மங்கியிருந்தால் அப்போது கழித்துவிடலாம்.

கயிறும் நிழல்வலையும். பாலிப்ரொப்பிலீன் கயிற்றில் ஊஞ்சல் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வெயிலில் கிடந்த கயிற்றைக் கையில் உருவினால் தூள் தூளாக நார் ஒட்டும், வெளியே முழுசாகத் தெரிந்தாலும் பலம் போயிருக்கும். நைலான் நனைந்தால் நீளும், மழைக்கு அப்புறம் ஊஞ்சல் தரையைத் தொடும். பாலியெஸ்டர் கயிறுதான் வெயிலுக்கும் தாங்குகிறது, நீளவும் செய்யாது. நிழல்வலை துணியில் கிழிவதில்லை, மூலையில் இருக்கும் வளையத்தில்தான் கிழிகிறது. தொளதொளவென்று கட்டியது காற்றில் அடித்து அடித்தே போகும், விறைப்பாக, ஒரு மூலை நன்றாகத் தாழ்ந்து இருக்குமாறு கட்டியது நிற்கிறது.

நாற்காலியில், அகலமான கை வைத்த, பின்னால் நன்றாகச் சாய்ந்த அந்த அடிரோண்டாக் ரகம் ஒன்று செய்தேன். 1903இல் தாமஸ் லீ என்பவர் நியூயார்க் மாகாணத்து வெஸ்ட்போர்ட்டில் தன் கோடை வீட்டுக்காக உருவாக்கியது, 1905இல் காப்புரிமை வாங்கியது அவரிடமிருந்து வடிவத்தைத் தெரிந்துகொண்ட ஹாரி பன்னெல் என்ற தச்சர். நாற்காலியின் கைமேல் டம்ளர் வைக்கலாம், புத்தகம் வைக்கலாம், சுகத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் உட்காரும் இடம் பின்னோக்கித் தாழ்ந்திருப்பதால் முட்டி வலிக்காரர்களால் எழுந்திருக்க முடியாது, வீட்டுப் பெரியவர்கள் ஒரு தடவை உட்கார்ந்ததோடு சரி. நீங்கள் செய்தால் முன்பக்கத்தை உயர்த்தாதீர்கள், பின்பக்கத்தின் தாழ்வைக் குறையுங்கள்.

வீட்டுக்குள் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், சுவரில் அலமாரி மாட்டும் முறை. ஒரு பட்டையை 45 டிகிரியில் நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியை அலமாரியின் முதுகிலும் திருகி, ஒன்றின்மேல் ஒன்றை மாட்டுவது. இடம் மாற்ற வேண்டுமானால் தூக்கி அடுத்த பட்டையில் மாட்டினால் முடிந்தது, சுவரில் புதுத் துளை இல்லை. கருவிகள், செடி, புத்தகம் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன.

பால்கனியில் இதையெல்லாம் செய்ய நினைப்பவர்கள் அழகுக்கு முன்னால் எடையைப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டியில் தோட்ட மண்ணைப் போட்டு நனைத்தால் 150 கிலோவைத் தாண்டும், அதில் சிமென்ட் தொட்டியின் சொந்த எடை சேரவில்லை. கனமானவற்றைக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வரிசையாக அடுக்காமல் கட்டடத்தை ஒட்டிய பக்கம் வையுங்கள், மண்ணில் பாதிக்குத் தேங்காய்நார்த் தூள் கலந்தால் சுமை கணிசமாகக் குறையும். பெரிய தொட்டி இரண்டுக்கு மேல் போவதாக இருந்தால் முதலில் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.