ஃபார்முலா ஒன், நாஸ்கார்: மோதலின் விசை எங்கே போகிறது?

ஃபார்முலா ஒன் பந்தயமும் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயமும் ஓட்டுநரைக் காப்பதற்கு இருவேறு வழிகளைத் தேர்ந்தெடுத்துள்ளன. முன்னதில் ஓட்டுநர் கார்பன் இழையாலான உயிர்காப்புக் கூட்டுக்குள் ஏறத்தாழப் படுத்த நிலையில் இருக்கிறார். பின்னதில் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த கூண்டுக்குள் நிமிர்ந்து உட்காருகிறார். எந்தக் கூடு அதிக உறுதியானது என்று கேட்பதைவிட, மோதும் கணத்தில் எழும் விசையை எந்தப் பாகம் வாங்கிக்கொள்கிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு.

சீட் பெல்ட்டைப் பொறுத்தவரை இன்று பெரிய வேறுபாடு இல்லை. தோள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய மூன்று இடங்களையும் பிணைக்கும் பல முனைப் பெல்ட்டுகளையே இரு தரப்பும் பயன்படுத்துகின்றன. தொடையிடுக்குப் பட்டை இல்லையென்றால் உடல் முன்னோக்கி வழுக்க, இடுப்பு எலும்பைப் பிடிக்க வேண்டிய பட்டை மென்மையான வயிற்றுக்கு ஏறிவிடும்.

இந்த நிலைக்கு நாஸ்கார் வந்து சேர்ந்த வழி கொடியது. 2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி, அடிமண்டை எலும்பு முறிந்து இறந்தார். அவருடைய இடது இடுப்புப் பட்டை அறுந்திருந்தது. நீளத்தைச் சரிசெய்யும் உலோக வளையத்துக்குள் பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டதால், அகலம் முழுவதும் பரவ வேண்டிய இழுவிசை ஓர் ஓரத்தில் குவிந்து அதைக் கிழித்துவிட்டது. பட்டையின் தரம் மட்டுமல்ல, அது வளையத்துக்குள் நேராகப் படிவதும் உயிர்காக்கும் விஷயம். தலையையும் கழுத்தையும் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் போன்ற சாதனத்தை நாஸ்கார் அதே ஆண்டு அக்டோபரில் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன்னில் ஹான்ஸ் 2003இல் கட்டாயமானது.

வாகன உறுதியில்தான் இரண்டும் பிரிகின்றன. ஃபார்முலா ஒன் காரின் மூக்குப் பகுதி நொறுங்குவதற்கென்றே செய்யப்படுகிறது. நடுக்கூடு மட்டும் நொறுங்கக் கூடாது. 2018 முதல் ஓட்டுநரின் தலைக்கு மேல் பொருத்தப்படும் டைட்டானிய வளைவுச் சட்டமான ஹாலோ, ஏறத்தாழ 12 டன் எடையைத் தாங்க வல்லது. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஓட்டுநர் ரொமைன் குரோஷான் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதியபோது 67 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 67 மடங்கு விசை பதிவானது. கார் இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. ஆனால் கூடு குலையவில்லை. பெல்ட்டும் ஹான்ஸும் அவரைச் சுயநினைவோடு வைத்திருந்ததால், அரை நிமிடத்துக்குள் பெல்ட்டை விடுவித்துத் தாமே வெளியேறினார்.

நாஸ்கார் 2022இல் கொண்டுவந்த புதிய தலைமுறைக் காரோ பின்புறத்தில் தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தது. பொகோனோ பந்தயத் தடத்தில் ஓட்டுநர் கர்ட் புஷ்ஷும் டெக்சஸ் தடத்தில் ஓட்டுநர் அலெக்ஸ் போமனும் பின்பக்கமாகச் சுவரில் மோதி மூளை அதிர்ச்சிக்கு ஆளானார்கள். கார் போதிய அளவு நசுங்காததால் மோதலின் விசையை உடல் வாங்கியது. புஷ் அதன்பின் நாஸ்கார் பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

ஆகவே நசுங்க வேண்டிய இடத்தையும் நசுங்கக் கூடாத இடத்தையும் தெளிவாகப் பிரித்த ஃபார்முலா ஒன் வடிவமைப்பையே நான் மேலானதாகக் கொள்கிறேன். நாஸ்காரும் 2023 பருவத்துக்குப் பின்புறச் சட்டத்தில் சில குழாய்களை நீக்கியும் சிலவற்றின் தடிமனைக் குறைத்தும் அந்தத் திசையிலேயே நகர்ந்தது.