"30 ஆம்பியர் லீனியர்" என்று எழுதிய டப்பாவை நம்பி ரிக்கை மாட்டாதீர்கள்

ஹாம் ரேடியோவுக்கு (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) பவர் சப்ளை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், குறிப்பாகப் புதிதாக உரிமம் வாங்கிவிட்டு முதல் எச்எஃப் ரிக்குக்கு, அதாவது சிற்றலையில் பேசவும் கேட்கவுமான ரேடியோவுக்கு, காத்திருப்பவர்களுக்கு. சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் "ஹாம் ஸ்பெஷல், 30 ஆம்பியர், ப்யூர் காப்பர்" என்று சொல்லி எனக்கு ஒரு பெட்டியை 9,500 ரூபாய்க்கு விற்றார்கள். அது அரைக் கிணறுகூடத் தாண்டவில்லை. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தைச் சொன்னாலே அடையாளம் தெரிந்துவிடும். வேறு யாராவது இதே வேலையைச் செய்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

100 வாட் ரிக்குகளில் பெரும்பாலானவை கேட்பது 13.8 வோல்ட், அதில் 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். அதாவது 11.7-லிருந்து கிட்டத்தட்ட 15.9 வரை. முழு சக்தியில் ஐகாம் 7300 இழுப்பது 21 ஆம்பியர் வரை, யேசு (Yaesu) நிறுவனத்தின் 891 இழுப்பது 23 வரை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஒரு ஆம்பியர் சுற்றுவட்டாரம்தான். எஸ்எஸ்பியில் (சிற்றலையில் குரலை அனுப்பும் வழக்கமான முறை) பேசும்போது ஒவ்வொரு அசைக்கும் கரண்ட் எகிறி விழும். அந்தத் துள்ளலுக்கு வோல்ட் ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் பவர் சப்ளைக்குச் சோதனை. பெட்டியின் முகத்தில் ஒட்டியிருக்கும் எண் இதில் எதையும் சொல்லாது.

நான் லீனியர்தான், அதாவது கனமான டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகைதான், வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏற்கெனவே பக்கத்து வீட்டு எல்இடி பல்புகள், இன்வெர்ட்டர், வைஃபை அடாப்டர் எல்லாம் சேர்ந்து 40 மீட்டர் பேண்டை (7 மெகாஹெர்ட்ஸ்) குப்பையாக்கி வைத்திருக்கின்றன. அதில் என் மேசையிலிருந்தே இன்னொரு இரைச்சலைச் சேர்க்க மனமில்லை. மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு இயக்கும் எடை குறைந்த எஸ்எம்பிஎஸ் வகையில்தான் அந்த இரைச்சல் பயம். எஸ்எம்பிஎஸ் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்லதாக வடிவமைத்தவை சத்தமில்லாமல் ஓடுகின்றன. அலின்கோவின் 330 மாடலில் இரைச்சலை வேறு அலைவரிசைக்கு நகர்த்த ஒரு குமிழே வைத்திருக்கிறார்கள். பிரச்சினை இருப்பதை ஒத்துக்கொண்டு அதற்கு வழி செய்த நேர்மை அது. சரி, கதைக்கு வருகிறேன்.

கடையில் டெமோ காட்டினார்கள். ஒரு தகர டப்பாவுக்குள் நிக்ரோம் காயில் (ஹீட்டரில் இருப்பது போன்ற கம்பிச்சுருள்), அதை அவுட்புட்டில் மாட்டியதும் முன்பக்க முள் மீட்டர் விறுவிறுவென்று 25-க்குப் போய் நின்றது. "பாத்தீங்களா சார், 25 ஆம்பியர், வோல்ட் அசையவே இல்ல." பத்து விநாடிக்குள் கடைக்காரர் கழற்றிவிட்டார். "ஏன் தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே" என்றேன். "காயில் பழுத்துடும் சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

தூக்கும்போதே உறுத்தியது எடை. இந்த அளவு லீனியர் என்றால் டிரான்ஸ்பார்மரே ஒரு பாரம். ஆஸ்ட்ரான் ஆர்எஸ்-35 கிட்டத்தட்ட 12 கிலோ இருக்கும். அதன் பெயரில் 35 இருந்தாலும் தொடர்ந்து எடுக்க 25 ஆம்பியர்தான் என்று அவர்களே குறிப்பேட்டில் தெளிவாக அச்சடிக்கிறார்கள். நான் வாங்கியது ஆறு கிலோகூட வராது. கேட்டதற்கு, "இது புது டைப் கோர் சார்" என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரிக்கைத் தொடவில்லை. புதுப் பவர் சப்ளை எதுவானாலும் முதலில் கார் ஹெட்லைட் பல்புதான் மாட்டுவேன். ஒரு பலகையில் நான்கு எச்4 பல்பு, ஒவ்வொன்றிலும் 60 வாட் இழை மட்டும், தனித்தனி சுவிட்ச். ஒரு பல்புக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர். நான்கையும் போட்டால் 20. ஏதாவது மெக்கானிக்கிடம் பழைய பல்பு கேட்டால் கிடைக்கும், இரண்டாவது இழை போயிருந்தாலும் கவலையில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு கரண்டை உறிஞ்சும்; நல்ல சப்ளைகூட மிரண்டு அணைந்துவிடும்.

முதல் பல்பைப் போட்டேன். டிசி கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி கரண்டை அளப்பது) 5 காட்டியது. பெட்டியின் முள் மீட்டரோ 9-ஐத் தாண்டி நின்றது. கடையில் பார்த்த 25-இன் ரகசியம் அப்போதே உடைந்துவிட்டது. மீட்டரின் ஷண்ட்டை (கரண்டை அளக்க உதவும் சிறு தடை) மாற்றி, உள்ளதைப் போல இரண்டு மடங்கு காட்டும்படி வைத்திருக்கிறார்கள். டெமோவில் ஓடியது 14 ஆம்பியர்கூட இருந்திருக்காது. இரண்டாவது பல்பு, மூன்றாவது பல்பு. வோல்ட் 13.3-இல் நின்றது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிறிது நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. பின்பக்க ஹீட் சிங்க்கில் ஒரு ஓரம் கை வைக்க முடியாத சூடு, இன்னொரு ஓரம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

அது ஏன் என்று யோசிப்பதற்குள் மூன்று பல்பும் திடீரென்று வெள்ளை வெளேர் என்று எரிந்தன. மல்டிமீட்டரில் 20 வோல்ட்டைத் தாண்டி எண் ஏறிக்கொண்டிருந்தது. சுவிட்சை எட்டுவதற்குள் இரண்டு பல்பு "பட் பட்" என்று போய்விட்டன.

நடந்தது இதுதான். லீனியரில் டிரான்ஸ்பார்மரும் டையோடும் சேர்ந்து தருவது 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட முரட்டு டிசி. அதைக் குறைத்து 13.8-இல் நிறுத்துவது பாஸ் டிரான்சிஸ்டர்கள். 21 வோல்ட் உள்ளே, 13.8 வெளியே, 20 ஆம்பியர் ஓட்டம் என்றால் வித்தியாசமான 7.2 வோல்ட்டும் சேர்ந்து 144 வாட் சூடாக அவற்றின் தலையில்தான் விழும். தாங்காமல் ஒன்று போனாலும், பெரும்பாலும் அது ஷார்ட் ஆகித்தான் போகும். அந்த நிமிடமே முரட்டு டிசி முழுவதும் நேராக ரிக்குக்குள் பாயும். இதைத் தடுக்கத்தான் க்ரோபார் என்று ஒரு காவல் வைப்பார்கள்: 15 வோல்ட்டைத் தாண்டினால் எஸ்சிஆர் என்ற மின்னணு சுவிட்ச் அவுட்புட்டை ஷார்ட் செய்து ஃபியூஸைப் பறக்கவிடும். சில நூறு ரூபாய்ச் சமாசாரம். இந்தப் பெட்டியில் அது இல்லை. பல்புக்குப் பதில் ரிக் இருந்திருந்தால் லட்சத்தை ஒட்டிய பொருள் போயிருக்கும்.

திறந்து பார்த்தேன், வீடியோ எடுத்தபடியே. வெளியிலிருந்து பார்த்தால் ஹீட் சிங்க்கில் ஆறு பாஸ் டிரான்சிஸ்டர்கள் (3055 ரகம்) வரிசையாக மினுங்கும். உள்ளே ஒயர் போவது மூன்றுக்கு மட்டும். மற்ற மூன்றும் சும்மா திருகி வைத்த அலங்காரம்! அந்தப் பச்சைத் தண்ணீர் ஓரம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. வேலை செய்த மூன்றிலும் எமிட்டர் ரெசிஸ்டர் கிடையாது. அது இருந்தால்தான் டிரான்சிஸ்டர்கள் சுமையைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும். இல்லையென்றால் சூடாகும் ஒன்று இன்னும் அதிகமாக இழுத்து, மேலும் சூடாகி, முதலில் அதுதான் போகும்.

அப்புறம் டிரான்ஸ்பார்மர். வைண்டிங்கின் முனையை பிளேடால் மெல்லச் சுரண்டினேன். செந்நிற வார்னிஷுக்குக் கீழே செம்பு நிறம் வரவேண்டிய இடத்தில் வெள்ளி வெள்ளையாகப் பளபளத்தது. சால்டர் வைத்தால் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. அலுமினியம். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், எடையோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ். வார்னிஷ் கருகியதற்கும் "புது டைப் கோர்" என்ற பதிலுக்கும் விளக்கம் அந்த ஒரு சுரண்டலில் கிடைத்தது. ஸ்டெபிலைசர் சந்தையில் இந்த அலுமினிய வித்தை பழையது. விலையைக் குறைத்து, அலுமினியம் என்றே சொல்லி விற்றால் அது வியாபாரம். செம்பு என்று சொல்லி விற்றதுதான் மோசடி. போதாக்குறைக்கு மூன்று பின் பிளக்கின் பச்சை எர்த் ஒயரைப் பெட்டிக்குள் நுழைந்ததும் வெட்டி மடித்துவிட்டிருந்தார்கள்.

கடைக்குப் போனால், "கார் பல்பெல்லாம் போட்டா எப்படி சார் தாங்கும்? இது ரேடியோவுக்கு மட்டும் செஞ்சது" என்றார். ரேடியோ அந்த மூன்று பல்பைவிட அதிகமாக இழுக்கும் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீலை உடைத்துவிட்டதால் வாரண்டி இல்லை என்று ஒரு பாட்டு. கூட வந்த நண்பர் வீடியோவைக் காட்டி, கடையில் நின்ற மற்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான், "சரி சார், வேற மாடல் தர்றேன்" என்று இறங்கினார்.

அந்த வேற மாடல் ஓர் எஸ்எம்பிஎஸ். விளம்பரப் பலகை எல்இடிகளுக்கு விற்கும் 12 வோல்ட் ஓட்டைத் தகரப் பெட்டி. அதைத் தன் பெட்டிக்குள் வைத்து, சின்னத் திருகைத் திருப்பி 13.8 ஆக்கி, "ஹாம் ஸ்பெஷல்" ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். இது நான்கு பல்பையும் தாங்கியது, அதில் பொய் இல்லை. ஆனால் ரிக்கில் 7 மெகாஹெர்ட்ஸ் வைத்ததும் எஸ் மீட்டர் (சிக்னலின் பலம் காட்டுவது) 3-லிருந்து 8-க்கு ஏறி உட்கார்ந்துவிட்டது. டயலைத் திருப்பினால் அறுபது எழுபது கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை அதே கரகரப்பு மேடு வந்துகொண்டே இருந்தது. காலையில் 7.1-ஐச் சுற்றிப் பேசும் நிலையங்களில் பாதி அதற்குள் மூழ்கிப்போயின. ரிக்கை யுபிஎஸ்ஸின் 7 ஏஎச் பேட்டரிக்கு மாற்றி இந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியதும் பேண்ட் அமைதியானது. கேட்பதற்கு ஒரு ஆம்பியர்தானே, சின்ன பேட்டரி போதும். சந்தேகம் இருந்தால் யார் வேண்டுமானாலும் இதைச் செய்து பார்க்கலாம். கடையிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டர் ரேடியோவை மீடியம் வேவில் வைத்துப் பெட்டியருகே கொண்டுபோங்கள், கர்ரென்று கத்தினால் விட்டுவிடுங்கள்.

உள்ளே 230 வோல்ட் நுழையும் இடத்தில் இரைச்சல் வடிகட்டிக்கான காயிலும் கெபாசிட்டரும் இருக்க வேண்டும். போர்டில் அவற்றின் படம் அச்சாகியிருந்தது. காயில் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கம்பித் துண்டு, கெபாசிட்டர் இடத்தில் வெறும் ஓட்டை.

இதற்குப் பிறகு மாற்று வேண்டாம், பணம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். இங்கே எனக்குக் கைகொடுத்தது பில். வாங்கும்போது, "பில் வேணும்னா 18 சதவீதம் ஏறும் சார்" என்று எஸ்டிமேட் சீட்டைத்தான் நீட்டினார். கூடுதலாகக் கொடுத்து ஜிஎஸ்டி பில்லே வாங்கியிருந்தேன், அதில் "30ஏ லீனியர், காப்பர் வைண்டிங்" என்றும் எழுதச் சொன்னேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்ததும் கடையிலிருந்து தானாகப் போன் வந்தது. பாதிப் பணம் திரும்பியிருக்கிறது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

யாராவது கேட்டால் நான் சொல்வது: தொடர்ந்து எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரத்துக்கு, க்ரோபார் உண்டா, எத்தனை வோல்ட்டில் அடிக்கும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பேரம் பேச வேண்டாம். உங்கள் கிளாம்ப் மீட்டரைக் கையில் கொண்டுபோய்க் கால் மணி நேரமாவது லோடில் ஓட்டச் சொல்லுங்கள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு (ஆரம்ப நிலை) உரிமம் என்றால் உங்கள் வரம்பு 50 வாட்தான். நேர்மையான 20 ஆம்பியர் பெட்டி தாராளம், 30 என்ற எண்ணுக்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ் வாங்குவதானால் அதிலுள்ள பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணான ஆர் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள்.

இதே மாதிரிப் பெட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் ரிக்கைக் கழற்றிவிட்டு எர்த் இணைப்பை முதலில் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டியின் பெயின்ட் சுரண்டிய இடத்துக்கும் மல்டிமீட்டர் பீப் அடிக்க வேண்டும். மூடியைத் திறப்பதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கியபின் நிறைய நேரம் விடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், மீட்டர் வைத்து வடிந்துவிட்டது என்று பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.